கைவலிக்குக் கையுறை: இறுக்கமானதா, இதமானதா, மூட்டைப் பிடித்து நிறுத்துவதா?

கைவலிக்குக் கையுறை வாங்கலாம் என்று தேடத் தொடங்கியவர் முன்னால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத பொருள்கள் வந்து நிற்கும். விரல் நுனிகள் வெளியே தெரியும் இறுக்கமான துணிக் கையுறை, உள்ளே கம்பளி வைத்த வெப்பக் கையுறை, மணிக்கட்டில் உலோகத் தகடு செருகிய பட்டை, கட்டைவிரலை மட்டும் பிடித்து நிறுத்தும் ஸ்பிளின்ட், செம்பு நிறத்தில் மின்னும் தாமிர இழைக் கையுறை. அத்தனையின் உறைமீதும் மூட்டுவலிக்கு நிவாரணம் என்ற ஒரே வாசகம்தான் இருக்கும். உண்மையில் இவற்றில் ஒன்று கையைச் சூடாக வைக்கிறது. ஒன்று மூட்டை அசையவிடாமல் தடுக்கிறது. ஒன்று வீக்கத்தின் மேல் லேசாக அழுத்துகிறது. ஒன்று அநேகமாக எதையும் செய்வதில்லை.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கை முழுக்கப் பரவிய விறைப்புக்கும் இரவு வலிக்கும் மென்மையான கையுறை ஏற்றது. அது இறுக்கமாக இருந்தே தீர வேண்டும் என்பதில்லை. ஒரு குறிப்பிட்ட மூட்டோ நரம்போதான் தொல்லை தருகிறது என்றால், கையுறையை விட்டுவிட்டு அந்த இடத்துக்கான ஸ்பிளின்ட்டைத் தேடுவதே சரி.

எங்கே வலிக்கிறது, எப்போது வலிக்கிறது

எந்த நிறுவனத்தின் கையுறை என்பதற்கு முன்னால் கேட்க வேண்டியவை இந்த இரண்டு கேள்விகள். ஒரு கையில் 27 எலும்புகள் இருக்கின்றன. அவற்றை இணைக்கும் மூட்டுகளில் எது கெட்டிருக்கிறது என்பதைப் பொறுத்து வலியின் குணமே மாறுகிறது.

மூட்டுத் தேய்மானம் பெரும்பாலும் விரல் நுனியை ஒட்டிய மூட்டுகளிலும், நடு மூட்டுகளிலும், கட்டைவிரலின் அடியிலும் வரும். மூட்டின் இரு பக்கத்திலும் எலும்பு முடிச்சுகள் புடைத்துத் தெரியலாம். காலையில் விறைப்பு இருந்தாலும் வழக்கமாக அரை மணி நேரத்துக்குள் விட்டுவிடும். கையை அதிகம் பயன்படுத்திய பிறகு வலி ஏறும். முடக்குவாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்ற அழற்சி மூட்டு நோய்) வேறு மாதிரி. விரல்கள் உள்ளங்கையோடு சேரும் மூட்டுகளையும் நடு மூட்டுகளையும் மணிக்கட்டையும், பெரும்பாலும் இரு கைகளிலும் ஒரே நேரத்தில் பிடிக்கும். தொட்டால் மெத்தென்று வீங்கியிருக்கும். காலை விறைப்பு அரை மணியைத் தாண்டி, ஒரு மணி நேரத்துக்கும் மேல் நீளும்.

மூன்றாவது வகையினர் மூட்டுவலி என்று நினைத்துக்கொண்டு கையுறை வாங்குகிறவர்கள். இவர்களுக்கு வலி மூட்டில் இல்லை, நரம்பில் இருக்கிறது. நள்ளிரவில் கை மரத்துப்போய் விழிப்பு வருகிறது. எழுந்து கையை உதறினால் சரியாகிறது. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலின் பாதி ஆகியவற்றில் குத்தலும் எரிச்சலும் இருக்க, சுண்டுவிரல் மட்டும் தப்பித்துவிடுகிறது. இது மணிக்கட்டுக் குகையில் நரம்பு நெரிபடுவதன் அடையாளம். மருத்துவர்கள் கார்பல் டனல் என்பார்கள். இதற்கு இறுக்கமான கையுறை போடுவது நெரிபடும் இடத்தை மேலும் நெரிப்பதில் போய் முடியலாம்.

இவை தவிர, கட்டைவிரல் பக்கமாக மணிக்கட்டில் வலித்து, கட்டைவிரலை உள்ளே மடக்கி மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் சாய்க்கும்போது சுரீரென்று இழுத்தால் அது தசைநாண் உறையின் அழற்சி. கைக்குழந்தையை அடிக்கடி தூக்குகிறவர்களுக்கு இது அதிகம் வருகிறது. மடக்கிய விரல் சிக்கிக்கொண்டு, பிறகு டக்கென்று விடுபட்டால் அதுவும் தசைநாண் சம்பந்தப்பட்டதே. குளிர்பட்டதும் விரல்கள் வெளுத்து, நீலம் பாய்ந்து, பிறகு சிவந்தால் ரத்த நாளங்களின் கோளாறு. இவற்றுக்கெல்லாம் ஒரே கையுறை எப்படித் தீர்வாகும்?

அழுத்தக் கையுறை: சோதனை என்ன சொன்னது

கம்ப்ரஷன் கையுறை என்று விற்கப்படுவது பெரும்பாலும் நைலானோ பருத்தியோ ஸ்பான்டெக்ஸ் இழையோடு கலந்து நெய்யப்பட்டது. கையைச் சுற்றி லேசான அழுத்தம் கொடுத்தால் மூட்டைச் சுற்றித் தேங்கிய நீர் விலகும், கை கதகதப்பாக இருக்கும், அதனால் விறைப்பும் வலியும் குறையும் என்பது இதன் பின்னுள்ள எண்ணம். கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. பல ஆண்டுகளாக மருத்துவமனைகளிலும் இதைப் பரிந்துரைத்து வந்தார்கள்.

பிரிட்டனில் இந்த எண்ணத்தை முறையாகச் சோதித்துப் பார்த்தார்கள். முடக்குவாதமும் அதைப் போன்ற அழற்சி மூட்டு நோயும் உள்ள 206 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு அழுத்தக் கையுறையும் மறு பாதிக்கு அழுத்தம் தராத அளவுக்குத் தளர்வான கையுறையும் கொடுத்தார்கள். 12 வாரம் கழித்து வலி, விறைப்பு, கையின் செயல்பாடு ஆகியவற்றை அளந்தார்கள். முடிவு 2021இல் வெளியானது. இரு குழுவினருக்கும் ஏறக்குறைய ஒரே அளவுதான் பலன். இறுக்கம் கூடுதலாக எதையும் தரவில்லை.

இதைக் கையுறையால் பயனில்லை என்று படிக்கிறவர்கள் உண்டு. நான் அப்படிப் படிக்கவில்லை. இறுக்கத்தால் பயனில்லை என்பதுதான் அது நேராகச் சொல்வது. கையுறையே போடாத மூன்றாவது குழு என்று ஒன்று அந்தச் சோதனையில் இல்லை. ஆகவே கதகதப்பும், மெத்தென்ற துணி கையைச் சுற்றி இருக்கும் உணர்வும், கைக்கு ஏதோ செய்கிறோம் என்ற நம்பிக்கையும் சேர்ந்து எவ்வளவு தூரம் உதவின என்பதை அதைக் கொண்டு பிரித்துச் சொல்ல முடியாது. வாங்குகிறவருக்கு இதிலிருந்து கிடைக்கும் பாடம் எளிமையானது. மருத்துவத் தர அழுத்தம் என்று அதிக விலை போட்டிருப்பதற்கு மயங்க வேண்டாம். இரண்டு அளவுகளுக்கு நடுவே குழப்பம் வந்தால் பெரியதை எடுங்கள். இறுக்கிப் பிடித்தால்தான் வேலை செய்யும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு போட்டுக்கொள்ள ஒரு காரணமும் இல்லை.

வலிக்கும் விரல்களை ஓர் இறுக்கமான துணிக்குழலுக்குள் ஒவ்வொன்றாக நுழைப்பதே பெரும் பாடு என்பதைத் தயாரிப்பாளர்கள் யோசிப்பதே இல்லையோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. முடிச்சு விழுந்த மூட்டுகள் உள்ளவர் தினமும் இரண்டு தடவை அந்தப் போராட்டத்தை நடத்த வேண்டும். தளர்வான கையுறையில் இந்தத் தொல்லை பாதியாகக் குறைகிறது. இது ஒன்றே போதும், என்னைத் தளர்வின் பக்கம் சாய்க்க.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை சில. தையல் உள்பக்கம் தடிமனாக இருந்தால் வீங்கிய மூட்டின் மேல் பட்டு உறுத்தும்; தையல் வெளியே இருப்பது நல்லது. விரல் நுனி திறந்திருந்தால் தொடுதிரை, பொத்தான், மருந்துப் பட்டை எல்லாவற்றையும் கழற்றாமலே கையாளலாம். விரல் நுனியின் நிறம் மாறுகிறதா என்றும் கண்ணால் பார்த்துக்கொள்ளலாம். கட்டைவிரலைத் தவிர்த்து, உள்ளங்கையின் அகலமான இடத்தைச் சுற்றி அளவெடுக்க வேண்டும். வீக்கம் நாளுக்கு நாள் மாறுகிறவர் வீங்கிய நாளில் அளப்பது நல்லது. வியர்க்கும் கைக்குப் பருத்தி கூடிய துணி ஏற்றது. தினமும் துவைக்க வேண்டியிருப்பதால் இரண்டு ஜோடி வைத்துக்கொண்டால் வசதி. முதல் நாளே இரவு முழுக்கப் போட்டுக்கொண்டு தூங்காமல், பகலில் ஓரிரு மணி நேரம் போட்டுப் பார்த்துவிட்டு இரவுக்குப் போகலாம். விரல் மரத்தாலோ, குளிர்ந்தாலோ, நிறம் மாறினாலோ, கழற்றிய பிறகும் தையல் தடம் நெடுநேரம் மறையாமல் இருந்தாலோ அந்த அளவு உங்களுக்கானது அல்ல.

கட்டைவிரலின் அடியில் வலித்தால்

இங்கேதான் கையுறையும் ஸ்பிளின்ட்டும் தெளிவாகப் பிரிகின்றன. கட்டைவிரல் நுனியால் ஒரு பொருளை 1 கிலோ விசையில் கிள்ளிப் பிடித்தால், அதன் அடிமூட்டில் ஏறத்தாழ 12 கிலோ விசை இறங்குகிறது என்று இயக்கவியல் கணக்குகள் காட்டுகின்றன. சாவி திருப்புவதும், மூடி திறப்பதும், எழுதுவதும் அங்கே வலிப்பதற்கு இதுவே காரணம். துணிக் கையுறையால் இந்த விசையைத் தாங்க முடியாது. அது தோலைத்தான் பிடிக்கிறது, மூட்டை அல்ல. மூட்டை நிறுத்திவைக்க ஏதாவது ஒரு கட்டமைப்பு வேண்டும்.

கட்டைவிரல் ஸ்பிளின்ட்டில் இரண்டு வகை. நியோபிரீன் போன்ற மெத்தான பொருளால் ஆனது அசைவைக் குறைக்கும், முழுதாகத் தடுக்காது. வெந்நீரில் இளக்கி, கையின் வடிவத்துக்கே வார்க்கும் கெட்டி பிளாஸ்டிக் வகை மூட்டை நன்றாக நிறுத்தும். ஆனால் அதைப் போட்டுக்கொண்டு வேலை செய்வது சிரமம். பகல் வேலைக்கு மெத்தானதும் இரவுக்குக் கெட்டியானதும் என்று பிரித்து வைத்துக்கொள்வது நடைமுறையில் ஒத்துவருகிறது.

இதிலும் ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. பிரான்சில் 112 பேரை வைத்து நடத்தி 2009இல் வெளியான ஆய்வில், கைக்கென்றே தனியாகச் செய்த ஸ்பிளின்ட்டை இரவில் அணிந்தவர்களுக்கு முதல் மாதத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை. 12 மாதம் கழித்துப் பார்த்தபோது வலியும் இயலாமையும் குறைந்திருந்தன. பிரிட்டனில் 349 பேரை வைத்து நடத்தி 2021இல் வெளியான ஆய்வு, உடற்பயிற்சியும் சுயபராமரிப்பும் கற்றுக்கொடுத்த பிறகு மேலே ஸ்பிளின்ட் சேர்த்தால் 8 வாரத்தில் கூடுதல் பலன் இல்லை என்றது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்குக் கண்ணில் படுவது கால அளவு. 8 வாரத்தில் தெரியாதது ஓராண்டில் தெரியலாம். மூட்டு நோய் மருத்துவர்களின் அமைப்பான அமெரிக்க ருமட்டாலஜி கல்லூரியின் 2019 வழிகாட்டுதல், கட்டைவிரல் அடிமூட்டுத் தேய்மானத்துக்கு ஸ்பிளின்ட்டை வலுவாகவே பரிந்துரைக்கிறது. கையின் மற்ற மூட்டுகளுக்கான ஸ்பிளின்ட்டையும் கையுறையையும் நிபந்தனையோடு மட்டுமே ஏற்கிறது. அதைப் போன்ற ஐரோப்பிய அமைப்பான யூலாரின் 2018 பரிந்துரையும் கட்டைவிரலுக்கான ஸ்பிளின்ட்டை நீண்டகாலம் அணியச் சொல்கிறது. ஆகவே இதை வாங்கி இரண்டு வாரத்தில் பயனில்லை என்று அலமாரியில் போடுகிறவர் அதற்கு உரிய அவகாசத்தைத் தரவில்லை.

விரல் மூட்டு பின்பக்கமாக வளைந்து அன்னத்தின் கழுத்தைப் போல ஆகிவிடும் முடக்குவாத நோயாளிகளுக்கு, மோதிரம் போல் விரலில் மாட்டும் சிறிய ஸ்பிளின்ட்டுகள் உண்டு. மூட்டு பின்னோக்கிச் சாய்வதை மட்டும் தடுத்து, மடக்குவதை அனுமதிக்கும். இந்த வேலையைக் கையுறை செய்யவே செய்யாது.

மணிக்கட்டும் மரத்துப்போகும் விரல்களும்

கார்பல் டனல் தொல்லைக்கு முதல் தேர்வு இரவில் மணிக்கட்டை நேராக வைத்திருக்கும் ஸ்பிளின்ட். தூக்கத்தில் மணிக்கட்டு மடங்கும்போது குகைக்குள் அழுத்தம் ஏறுகிறது. நேராக வைத்தால் குறைகிறது. கடைகளில் ஆயத்தமாகக் கிடைப்பவற்றில் பல, மணிக்கட்டைப் பின்னுக்குச் சற்று வளைத்தே பிடிக்கின்றன. உள்ளே இருக்கும் உலோகத் தகட்டை வெளியே எடுத்து, நேராக நிமிர்த்திவிட்டுச் செருகுவது நல்லது. இந்தச் சிறிய விஷயத்தைச் சொல்லாமலே விற்றுவிடுகிறார்கள்.

ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள்வதா, இரவு ஸ்பிளின்ட்டா என்று தயங்குகிறவர்களுக்கும் ஒரு விடை இருக்கிறது. 234 பேரிடம் இரண்டையும் ஒப்பிட்டு 2018இல் வெளியான பிரிட்டன் ஆய்வில், 6 வாரத்தில் ஊசி முந்தியது. 6 மாதத்தில் இரண்டும் சமமாகிவிட்டன. வலி தாங்க முடியாதவர் ஊசியைக் கேட்கலாம், பொறுக்க முடிந்தவர் ஸ்பிளின்ட்டோடு தொடங்கலாம். கட்டைவிரலுக்குக் கீழுள்ள சதைமேடு சுருங்கத் தொடங்கியிருந்தாலோ, மரப்பு இரவும் பகலும் விடாமல் இருந்தாலோ இரண்டிலும் காலம் கடத்தாமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். நரம்பு நெடுநாள் நெரிபட்டால் இழந்த பலம் முழுதாகத் திரும்பாமல் போகலாம்.

கட்டைவிரல் பக்கத் தசைநாண் அழற்சிக்கு மணிக்கட்டையும் கட்டைவிரலையும் சேர்த்துப் பிடிக்கும் நீளமான ஸ்பிளின்ட் வேண்டும். மணிக்கட்டுப் பட்டை மட்டும் போதாது.

வெப்பம், தாமிரம், வேலைக் கையுறை

வெப்பத்தை நான் உயர்வாகவே மதிப்பிடுகிறேன். காலை விறைப்புக்கு வெதுவெதுப்பான நீரில் கையை முக்கி மெல்ல விரித்து மடக்குவதும், உருக்கிய பாரஃபின் மெழுகில் தோய்த்து எடுப்பதும் நெடுங்காலமாகப் புழக்கத்தில் உள்ளவை. மேலே சொன்ன அமெரிக்க வழிகாட்டுதல் மெழுகையும் நிபந்தனையோடு ஏற்கிறது. அந்தக் கதகதப்பைத் தக்கவைப்பதே வெப்பக் கையுறையின் வேலை. குளிரில் விரல் வெளுக்கிறவர்களுக்கு இதுவே சரியான தேர்வு, அதுவும் தளர்வாக இருக்க வேண்டும். விரல்களைத் தனித்தனியாகப் பிரிக்காமல் சேர்த்து மூடும் வகை கூடுதல் சூட்டைக் காக்கும். பேட்டரியால் சூடாகும் வகையை வாங்குகிறவர் நீரிழிவாலோ நரம்புக் கோளாறாலோ உணர்வு குறைந்த கையராக இருந்தால் எச்சரிக்கை தேவை. சூடு பட்டதே தெரியாமல் தோல் வெந்துவிடும். மூட்டு சிவந்து, கொதித்து, வீங்கியிருக்கும் நாட்களில் பலருக்கு வெப்பத்தைவிடக் குளிர் ஒத்தடம் இதமாக இருக்கிறது.

தாமிரத்தைப் பற்றிச் சுருக்கமாக: பணத்தை மிச்சம் பிடியுங்கள். முடக்குவாதம் உள்ள 70 பேரிடம் தாமிர வளையத்தையும் காந்தப் பட்டையையும் சோதித்து 2013இல் வெளியான ஆய்வில், போலி வளையத்தைவிட அவை பொருட்படுத்தத்தக்க எதையும் செய்யவில்லை. கையுறையின் இழையில் தாமிரத்தைச் சேர்த்தால் மட்டும் கதை மாறும் என்று நினைக்க எனக்குக் காரணம் தெரியவில்லை. துணி நன்றாக இருந்தால் துணிக்காக வாங்கலாம்.

பகலில் வேலை செய்யும்போது போட்டுக்கொள்ளும் கையுறையில் யோசிக்க வேண்டியது பிடிமானம். உள்ளங்கையில் ரப்பர் புள்ளிகள் உள்ள மெல்லிய கையுறை, பொருள் வழுக்காமல் இருக்க நாம் கொடுக்கும் விசையைக் குறைக்கிறது. தடிமனான கையுறை இதற்கு நேர்மாறு. அதற்குள்ளிருந்து ஒரு பொருளைப் பிடிக்கக் கூடுதல் பலம் தேவைப்படுகிறது, விரல் சீக்கிரம் களைக்கிறது. அதிரும் இயந்திரங்களோடு வேலை செய்கிறவர்கள் அதிர்வு தடுக்கும் கையுறையை முழுக் கவசமாக நம்பிவிடக் கூடாது. குறைந்த அலைவெண் அதிர்வை அது பெரிதாகத் தடுப்பதில்லை. கருவியை மாற்றுவதும் பிடித்திருக்கும் நேரத்தைக் குறைப்பதும் அதைவிடப் பலன் தரும்.

கையுறைக்கு வெளியே

எந்த உறையும் கையைப் பலப்படுத்தாது. முடக்குவாதம் உள்ள 490 பேரிடம் நடத்திய பிரிட்டன் ஆய்வில், வழக்கமான சிகிச்சையோடு கைக்கான நீட்சி, பலப் பயிற்சிகளைச் சேர்த்துச் செய்தவர்களின் கைச் செயல்பாடு ஓராண்டு கழித்து மேம்பட்டிருந்தது. பகல் முழுக்கக் கெட்டி ஸ்பிளின்ட்டுக்குள் கையை அடைத்துவைப்பது இதற்கு எதிரான வேலை. மூட்டு இறுகும், தசை பலமிழக்கும். தடித்த கைப்பிடி உள்ள கருவிகள், மூடி திறக்கும் கருவி, எடையை விரல் நுனியில் தூக்காமல் இரு உள்ளங்கைகளில் தாங்குவது ஆகியவை சலிப்பூட்டும் யோசனைகளாகத் தெரியலாம். ஆனால் 1 கிலோவுக்கு 12 கிலோ என்ற அந்தக் கணக்கைக் குறைக்கக்கூடியவை இவைதான். தேய்மானத்துக்கு மேலே தடவும் வலிநிவாரண ஜெல்லை, வாய்வழி மாத்திரைக்கு முன்னால் முயலும்படி ஐரோப்பியப் பரிந்துரை சொல்கிறது. கையுறையோடு அதைச் சேர்த்துப் பயன்படுத்தினால் ஜெல் தோலில் உலரும் வரை பொறுத்துப் பிறகு கையுறையைப் போடுங்கள்.

முடக்குவாதம் சந்தேகப்படும்படியான அறிகுறிகள் உள்ளவர், அதாவது மெத்தென்ற வீக்கமும் நீண்ட காலை விறைப்பும் சில வாரங்களாகத் தொடர்கிறவர், கையுறை வாங்கிப் பார்ப்போம் என்று மாதங்களைக் கழிக்கக் கூடாது. அந்த நோய் மூட்டை அரிப்பதைத் தடுக்க மருந்துகள் இருக்கின்றன. சீக்கிரம் தொடங்கினால்தான் முழுப் பலன். ஒரே மூட்டு திடீரென்று சிவந்து கொதித்து, காய்ச்சலும் சேர்ந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். அது மூட்டுக்குள் கிருமித் தொற்றாக இருக்கலாம்.

வாங்கிய பிறகு பலன் இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மூட்டுவலி தானாகவே ஏறி இறங்கும் இயல்புடையது. மிக மோசமான வாரத்தில்தான் நாம் கையுறை வாங்குவோம். அடுத்த வாரம் தானாகத் தணிந்தாலும் பெருமை கையுறைக்குப் போய்விடும். இரு கைகளும் ஒரே அளவில் வலிக்கிறவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. சில இரவுகள் ஒரு கையில் மட்டும் போட்டுக்கொள்ளுங்கள். காலையில் எந்தக் கை முதலில் முழுதாக மடங்குகிறது, எந்தக் கையால் பற்பசை மூடியைத் திறக்க முடிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கையை மாற்றிப் போடுங்கள். கையுறை போட்ட கையே இரண்டு தடவையும் முந்தினால் தொடர்ந்து அணியலாம். வித்தியாசமே தெரியாவிட்டால், திருப்பிக் கொடுக்கும் தேதி தாண்டுவதற்குள் கொடுத்துவிட்டு, அந்தப் பணத்தில் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாட வேலைகளைச் செய்யக் கையைப் பழக்கும் சிகிச்சையாளர்) ஒருவரிடம் கையைக் காட்டி, எந்த மூட்டை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளலாம்.